தரையில் ஓடுகிறது, மேலே போனால் படுக்கிறது

குழு: பீளமேடு வீடு

ஞாயிறு

நான்: மாமா, இன்ஜின் சந்தேகம் ஒன்று. என்னுடைய 30 சிசி பெட்ரோல் ரிமோட் விமானம் தரையில் முழு த்ராட்டிலில் பிடித்து நிறுத்தினால் அருமையாக ஓடுகிறது, 7,100 ஆர்பிஎம், ஆடாமல் அசையாமல். மேலே போய் வேகம் பிடித்ததும் சத்தம் கூர்மையாகி, அப்புறம் பலம் குறைந்து, மூக்கைத் தூக்கினால் அப்படியே படுத்துவிடுகிறது. இன்று இரண்டு தடவையும் இன்ஜின் நின்றுபோய் சும்மா மிதக்கவிட்டுத்தான் இறக்கினேன். இரண்டாவது தடவை பக்கத்துச் சோளக்காட்டில்.

அம்மா: யாருக்காவது அடி பட்டுவிட்டதா

நான்: இல்லைம்மா, சோளத்துக்கு மட்டும்தான்

பெரிய மாமா: பெட்ரோல் போதவில்லை கண்ணு. ஆர்எக்ஸ் 100 வண்டியில் ஜெட் அடைத்திருந்தால் இதே கதைதான். முறுக்கியதும் முதலில் நன்றாகப் பறக்கும், அப்புறம் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும், அதையும் மீறி முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் அப்படிப் பிடித்த பிஸ்டன் எத்தனை பார்த்திருப்பேன். பிளக்கைக் கழற்றிப் படம் அனுப்பு.

நான்: (படம்)

பெரிய மாமா: பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. லீன்தான், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை, சந்தேகமே இல்லை. இன்ஜின் மேலேயே முழு ஓட்டத்தில் நின்றதால் இந்தப் படத்தை நம்பலாம். இறக்கிவிட்டு ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்து கழற்றியிருந்தால் பிளக் ஐடிலின் கலரைத்தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. பெரிதாக்கிப் பார், வெள்ளி நிறத்தில் மணல் ஒட்டியது போல புள்ளி ஏதாவது இருக்கிறதா?

நான்: இல்லை மாமா. அது என்ன?

பெரிய மாமா: பிஸ்டன் அலுமினியம். இல்லை என்றால் பிழைத்தாய். இனிமேல் பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் கொஞ்சம் கூட்டி ஊற்று, குளிர்ச்சியாக ஓடும்.

பெங்களூர் அண்ணன்: மாமா இங்கே மட்டும் நான் குறுக்கே வருகிறேன், கோபிக்காதீர்கள். ஆயிலைக் கூட்டினால் இன்னும் லீன் ஆகும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் திருகி வைக்கும் அதே நீடில் ஓட்டை, அதே அளவு திரவம்தான் போகிறது, அதில் ஆயில் இடம் பிடித்தால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 30:1 என்றால் 33 மில்லி, பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் போகும் திசை தப்பு.

பெரிய மாமா: முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்குப் பாடமா. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லீன் ஆனால் ஆயிலும் சேர்ந்துதான் குறையும், அதுதான் டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து. சூடும் ஏறும், வழவழப்பும் போகும்.

நான்: முதல் தடவை இறங்கியதும் எச் நீடிலை, முழு த்ராட்டிலுக்கான நீடிலை, கால் சுற்று திறந்தேன். தரையில் பொளபொளவென்று அடித்துக்கொண்டு புகையாகத் தள்ளியது. அப்படியே ஏற்றிப் பார்த்தேன், கொஞ்ச நேரம் தாங்கியது, டைவ் அடித்து வேகம் கூடியதும் மறுபடி அதே கதை. அதுதான் சோளக்காடு.

பெங்களூர் அண்ணன்: இப்போது நீடிலைப் பழைய இடத்துக்கே மூடி வைத்துவிடு, எத்தனை சுற்று திறந்தாய் என்று எழுதி வைத்திருக்கிறாய்தானே? போன மாதம் சரியாகத்தானே ஓடியது. நீடில் தானாகத் திரும்பாது. வேறு என்னவோ மாறியிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நீடிலைத் திருப்பினால் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடுவதுதான்.

நான்: பெட்ரோலா அண்ணா? பங்கில் இப்போது இ20தானே.

பெங்களூர் அண்ணன்: அதுவும் ஒரு காரணம் ஆகலாம். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்தால் பழைய நீடில் அளவிலேயே கலவை கொஞ்சம் லீன் பக்கம் சாயும். ஆனால் அது தரையிலும் தெரிய வேண்டும். உனக்குத் தரையில் நன்றாக இருக்கிறதே. முழு த்ராட்டிலில் சோக்கை லேசாக மூடிப் பார்த்தாயா?

நான்: பார்த்தேன். ஆர்பிஎம் உடனே விழுந்தது.

பெங்களூர் அண்ணன்: லீனாக இருந்தால் சோக்கை மூடியதும் முதலில் ஏறியிருக்கும். அப்போது தரையில் கலவை சரி. த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் திணறுகிறதா?

நான்: இல்லை, பட்டென்று எடுக்கிறது.

பெங்களூர் அண்ணன்: குறைந்த த்ராட்டிலுக்கான எல் நீடிலும் சரி.

பெரிய மாமா: காற்று எங்காவது திருட்டுத்தனமாக நுழைகிறதா பார். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட், அந்தக் கறுப்பு பிளாக், ரீட் வால்வு பக்கம்.

நான்: ஐடிலில் ஓடவிட்டு அந்த ஜாயின்ட் எல்லாவற்றிலும் கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன் மாமா, சத்தம் மாறவே இல்லை.

பெரிய மாமா: சைலன்சர் சூடாக இருக்கும்போது அதை அடித்தாயா? தீப்பிடித்தால் விமானத்தோடு மீசையும் போயிருக்கும். இனிமேல் ஒரு ஆள் பக்கத்தில் நிற்காமல் செய்யாதே. ப்ரொப்பல்லர் சுற்றும் தட்டுக்கு நேராகவும் நிற்காதே, பின்பக்கமாக நின்றுதான் எதுவானாலும்.

பெங்களூர் அண்ணன்: டேங்கில் ட்யூப் நுனியில் தொங்கும் கிளங்க் ஃபில்டர்? கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன வலை? டேங்குக்குள் காற்று போகும் வென்ட் அடைத்திருக்கிறதா? ட்யூப் சிலிக்கானா?

நான்: மூன்றையும் பார்த்துவிட்டேன், சுத்தம். ட்யூப் மஞ்சள் டைகான்தான். சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பிப் போகும் என்று நீங்கள்தானே முதல் விமானத்தில் சொன்னீர்கள்.

பெங்களூர் அண்ணன்: விமானத்தை யாராவது பிடித்துக்கொள்ள மூக்கை நேராக மேலே தூக்கி முழு த்ராட்டில்?

நான்: மாமா பையன் பிடித்தான். பத்து விநாடி, அசையவே இல்லை.

பெங்களூர் அண்ணன்: அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கும் பம்ப் டயாஃபிரமும் வேலை செய்கிறது. எனக்கு மண்டை காய்கிறது.

அத்தை: எல்லாரும் பேசி முடித்தாயிற்றா? போன வாரம் மொட்டை மாடியில் இந்தப் பையன் சிவப்பு பெயிண்ட் அடித்தானே, கொடியில் காய்ந்த என் சுங்குடிச் சேலையில் ஓரமெல்லாம் சிவப்புப் புள்ளி. அதற்கு யார் பதில் சொல்வது?

நான்: அத்தை மன்னித்துவிடுங்கள், அது ஸ்பிரே பெயிண்ட், காற்றில் வந்துவிட்டது. வேறு சேலை வாங்கித் தருகிறேன்.

பெரிய மாமா: எதற்கு பெயிண்ட் அடித்தாய்?

நான்: கவுலுக்கு மாமா. மூக்கு மூடி. விமானத்தோடு வந்தது, இத்தனை நாள் போடவே இல்லை, டியூன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று இன்ஜினைத் திறந்தே விட்டுப் பறக்கவிட்டேன்.

பெரிய மாமா: இன்றைக்குத்தான் முதல் தடவை போட்டாயா?

நான்: ஆமாம்

பெங்களூர் அண்ணன்: அடப்பாவி. இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா

பெரிய மாமா: கவுல் போட்டதால் சூடு ஏறுகிறதோ? காற்று உள்ளே வருகிறது, வெளியே போக வழி இல்லை.

பெங்களூர் அண்ணன்: அதையும் பார்க்கணும் மாமா, வெளியேறும் வழி நுழையும் வழியைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் சூடுதான் காரணம் என்றால் இறங்கி உடனே ஸ்டார்ட் செய்தாலும் திணறும். தம்பி, சோளக்காட்டிலிருந்து எடுத்து வந்து ஓட்டினாயா?

நான்: ஓட்டினேன் அண்ணா, ஐந்து நிமிஷத்துக்குள். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

பெங்களூர் அண்ணன்: அப்போது சூடு இல்லை. கார்புரேட்டர் பக்கவாட்டில் நாலு ஸ்குரூ போட்ட தகடு இருக்கிறது பார், நடுவில் சின்ன ஓட்டை. அந்தத் தகட்டுக்குள் மீட்டரிங் டயாஃபிரம். மாமா, உங்கள் ஆர்எக்ஸ் மாதிரி இதில் மிதவைக் கிண்ணம் கிடையாது, விமானம் தலைகீழாகப் போனாலும் ஓட வேண்டுமே. அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று டயாஃபிரத்தின் ஒரு பக்கத்தை அழுத்துகிறது, மறுபக்கம் இன்ஜின் உறிஞ்சுகிறது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே இருக்கும் வால்வைத் திறந்து பெட்ரோல் விடுகிறது. கவுலுக்குள் வேகமாகக் காற்று ஓடி அந்த ஓட்டையைத் தாண்டிப் போனால் அங்கே அழுத்தம் குறையும், டயாஃபிரம் சரியாகத் தள்ளாது, பெட்ரோல் குறையும். தரையில் நிற்கும்போது அந்த வேகக் காற்று இல்லை, அதனால் எல்லாம் சரி. டைவில் வேகம் கூடக்கூட மோசம். நீ கால் சுற்று திறந்தும் பயன்படாததற்கும் இதுதான் காரணம், நீடில் ஒரே அளவில் நிற்கிறது, தப்பு வேகத்தோடு சேர்ந்து மாறுகிறது.

பெரிய மாமா: ஓட்டையை அடைத்துவிட்டால்?

பெங்களூர் அண்ணன்: அடைத்தால் ஓடவே ஓடாது. தகட்டை மட்டும் கழற்றி, ஓட்டை மேலே சின்ன பித்தளைக் குழாய் பற்ற வைத்து, அதிலிருந்து ட்யூபை இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் பலகையைத் தாண்டி விமான உடம்புக்குள் விட வேண்டும். அங்கே காற்று அமைதியாக இருக்கும். கார்புரேட்டரோடு வைத்து பற்ற வைக்காதே, டயாஃபிரம் வெந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் கவுலைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பறக்கவிடு. சரியாகப் போனால்தான் நான் சொன்னது நிஜம்.

பெரிய மாமா: பற்ற வைக்கிற வேலையை என்னிடம் கொடு. அந்தக் குழாய்க்குள் ஈயம் ஓடி அடைத்துக்கொண்டால் அப்புறம் ஒரு வாரம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

புதன்

நான்: காலையில் கவுல் இல்லாமல் ஏற்றினேன். எச் நீடில் பழைய இடத்தில். பத்து நிமிஷம், நேராக மேலே தூக்கினேன், டைவ் அடித்தேன், சத்தம் மாறவே இல்லை.

அத்தை: சேலை?

நான்: சனிக்கிழமை கடைக்குப் போகிறேன் அத்தை, சத்தியமாக

ஞாயிறு

நான்: மாமா பற்ற வைத்த தகடு, ட்யூப் உடம்புக்குள், கவுல் மாட்டி இரண்டு ஃப்ளைட். இரண்டும் முழு டேங்க். படுக்கவே இல்லை! தரையில் வைத்த அதே டியூன்தான் மேலேயும்.

பெங்களூர் அண்ணன்: வீடியோவில் சத்தம் கேட்டேன், டைவிலும் சீராக இருக்கிறது. கவுலுக்குக் கீழே வெளியேறும் வழியை மட்டும் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கு, வெயில் காலம் வருகிறது.

பெரிய மாமா: பிளக் படம் எங்கே?

நான்: (படம்) பாருங்கள் மாமா, நல்ல காப்பிப் பழுப்பு!

பெரிய மாமா: எங்கே வைத்துக் கழற்றினாய்?

நான்: இறக்கி, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்து

பெரிய மாமா: அப்போது இந்தப் படம் செல்லாது. நாளைக்கு மறுபடி எடு.