தேடலில் தெரிகிறது, உள்ளே வருவோர் குறைவு

நண்பர்களே, வணக்கம். சிறு வியாபாரிகளுக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் செய்து கொடுக்கிறேன். விளம்பரத்தை நிறுத்தினால் விசாரிப்பும் அன்றே நின்றுவிடுகிறது. அதனால் எட்டு மாதமாக வாரம் ஒரு கட்டுரை எழுதி என் தளத்தில் போடுகிறேன்.

நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு வரை பார்க்கலாம் என்பதால் முதல் நாளிலிருந்து எல்லாம் கண்முன்னே இருக்கிறது. 'வாட்ஸ்அப்பில் கேட்டலாக் அமைப்பது எப்படி' என்ற கட்டுரைக்கு இம்ப்ரெஷன் (தேடலில் எத்தனை முறை தெரிந்தது என்ற கணக்கு) ஏறிக்கொண்டே போகிறது, கிளிக் மட்டும் அசையவில்லை. தேடல் முடிவுகளில் சராசரி இடம் 14. தலைப்பை இரண்டு முறை மாற்றினேன். அப்புறம்தான் குறை தலைப்பில் இல்லையோ என்று தோன்றியது.

இதையே விரிவாகத் திருத்தி எழுதுவதா, இதைச் சுற்றி நாலைந்து கட்டுரைகள் எழுதி இதற்கு இணைப்பு கொடுப்பதா? வாசிக்க வந்தவர் விசாரிக்கவும் வேண்டுமே, அதற்குக் கட்டுரை முடிவில் என்ன வைக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.