ஜெபத்துக்கு உடனே பதில் வராவிட்டால் விசுவாசம் குறைவா?

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா)
காரைக்குடியில் ஒரு ஜெபக்கூட்டத்தில் கேட்டது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. "கேட்டதும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் விசுவாசத்தில்தான் ஓட்டை" என்றார் பேசியவர். எனக்குப் பக்கத்தில் மகனுக்கு வேலை வேண்டி ஜெபிக்க வந்த ஒரு அம்மா இருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

இது தவறான போதனை என்று நினைக்கிறேன். போனில் காசு அனுப்பினால் அடுத்த நொடி 'வந்துவிட்டது' என்று கடைப் பெட்டி பேசுகிறது. அந்த வேகத்துக்குப் பழகிப்போய், கர்த்தரிடமும் அதையே கேட்கிறோம். ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் வந்தபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. அவருக்கா விசுவாசம் குறைவு? இடையில் பொறுக்காமல், பிள்ளைக்காக அடிமைப்பெண் ஆகாரை வைத்து அவரும் மனைவி சாராளும் செய்த ஏற்பாட்டால், ஆகாரும் அவள் பிள்ளையும் தண்ணீரில்லாமல் வனாந்தரத்தில் அலைந்ததுதான் மிச்சம்.

புதுவயல் விசுவாசி
பிரதர், பாதி வேதத்தைத்தான் சொல்கிறீர்கள். குருடன் பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டான், நின்ற இடத்திலேயே பார்வை வந்தது. பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்கு) ஸ்திரீ 12 வருஷம் வைத்தியர்களிடம் காசைக் கரைத்தவள். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவுடன் சுகம். தேடி வந்த நோயாளி யாரையாவது "இரண்டு வருஷம் கழித்து வா" என்று இயேசு அனுப்பியிருக்கிறாரா?

அந்தப் பிரசங்கியார் சொன்ன விதம் கடுமைதான், சரி. ஆனால் "கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி" என்று மனசில்லாமல் ஜெபிக்கிறவர்களைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன். எதிர்பார்ப்பு செத்துப்போனதற்குப் பொறுமை என்று பேர் வைக்கிறோம்.

கண்மாய்க்கரை
தம்பி, நோயாளியை அவர் காக்கவைத்ததும் உண்டே. இலாசருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொன்ன பிறகும் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். "நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான்" என்று மார்த்தா நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார். நீதி கேட்டு நடுவரை விடாமல் நச்சரித்த கைம்பெண் கதையையும், சோர்ந்துபோகாமல் செபிக்கத்தானே சொன்னார்? கேட்டதெல்லாம் உடனே கிடைக்குமென்றால் அந்தக் கதைக்கே அவசியம் இல்லை.

யாக்கோபு தன் திருமுகத்தில் மழைக்குக் காத்திருக்கிற விவசாயியைப் பாருங்கள் என்கிறார். எங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம், இது வானம் பார்த்த பூமி. புழுதி விதைப்பு என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மண் காய்ந்து கிடக்கும்போதே உழுது நெல்லைத் தூவிவிட வேண்டும். வீட்டில் இருக்கிற விதை நெல்லை, மேகம்கூடத் தெரியாத நாளில் கொண்டுபோய் மண்ணில் போடுகிறோம். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் உட்காருவதில்லை. வரத்துக்காலில் மண்டிய கருவேல முள்ளை வெட்டி, மடையைப் பார்த்து, பெய்கிற தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேர வழி செய்கிறோம். மழையை வரவைக்க எங்களால் முடியாது, மற்ற வேலை எல்லாம் எங்களுடையது. செபத்தில் காத்திருப்பதை நான் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்.

செக்காலை மேரி
இரண்டு பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்காமல் சாம்பார் ஊற்ற மாட்டார்கள். ஜெபக்கூட்டத்துக்குப் போனால் "அன்னாளைப் பார், பொறுமையாக இரு" என்பார்கள். வேதத்தில் பிள்ளையில்லாமல் ஏங்கிய அந்த அன்னாள் எங்கே பொறுமையாக இருந்தாள்? சாப்பிடாமல் அழுதாள். ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அவள் ஜெபித்த விதத்தைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலியே நினைத்துவிட்டார். அந்தப் பகுதியை இதுவரை ஒருவரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. அதுவும் ஜெபம்தான். காத்திருக்கச் சொல்கிறவர்கள் வாயைத் திறந்து அழவும் விட வேண்டும்.

இன்னொன்று. என் அத்தைக்கு மார்பில் கட்டி. "ஜெபித்துக் காத்திருங்கள், கரைந்துவிடும்" என்று ஒரு ஜெபவீட்டில் சொன்னதை நம்பி ஸ்கேன் எடுக்காமலே நாளைக் கடத்தினார். டாக்டரிடம் போனபோது நோய் முற்றிவிட்டது. உடனே நடக்கும் என்று சொன்னவர்களும் அவர்கள்தான், காத்திரு என்று சொன்னவர்களும் அவர்கள்தான்.

புதுவயல் விசுவாசி
அக்கா, படித்ததும் மனசு கனத்துப்போச்சு. வைத்தியம் வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. பவுலோடு இருந்த லூக்காவே வைத்தியர்தான். ஆனாலும் அன்னாளுக்குக் கடைசியில் சாமுவேல் பிறந்தான், கண்மாய்க்கரை அண்ணனுக்கு மழை வரத்தான் செய்கிறது. பதில் உண்டு என்ற உறுதி இல்லாமல் எதை நம்பிக் காத்திருப்பது?

கண்மாய்க்கரை
மழை பொய்த்த வருஷமும் உண்டு தம்பி. விதை நெல்லோடு போய்விடும்.

பவுல் மூன்று தரம் மன்றாடியும் அவர் உடலில் தைத்த முள் எடுபடவில்லை, "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் ஓரியூரையே பாருங்கள். போர்ச்சுகலிலிருந்து மறவ நாட்டுக்கு வந்த சேசுசபைக் குரு அருளானந்தர், லிஸ்பனில் சிறு பையனாகச் சாகக் கிடந்தபோது, அவர் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பையன் பிழைத்தான், நேர்ச்சைப்படி ஒரு வருஷம் சேசுசபை அங்கி உடுத்தினான். அதே ஆளைத்தான் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அவர் உயிர் பிழைக்க வேண்டும் என்று மறவ நாட்டுக் கிறிஸ்தவர்கள் எவ்வளவு செபித்திருப்பார்கள்! லிஸ்பனில் அந்தத் தாய்க்கு இருந்த விசுவாசம் இவர்களுக்கு இல்லாமல் போய்விட்டதா?

புதுவயல் விசுவாசி
புனிதர்களிடம் நேர்வது எங்கள் வழக்கம் இல்லை, அதற்குள் போகவில்லை. கேள்வி நியாயமானது. அவர்கள் விசுவாசம் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், மேடையில் யார் சொன்னாலும் அது தப்பு.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகாரத்தை "இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கத்தான் ஆண்டவர் கற்றுக்கொடுத்தார். நாளைக் காலையில் முழங்காலில் நிற்கும்போதும் 'இன்றைக்கே தாரும்' என்றுதான் கேட்பேன். தாமதம்தான் வழக்கம் என்று ஜனங்களைப் பழக்கினால் ஒரு தலைமுறையே கேட்பதை நிறுத்திவிடும்.

ரஸ்தாக்காரன்
கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை பிரதர். உடனே கிடைக்காதபோதுதான் ஜனங்கள் நிறுத்துகிறார்கள், உங்கள் போதனைக்கு அப்புறம் இன்னும் சீக்கிரம் நிறுத்துவார்கள். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

செக்காலை மேரி
தம்பி, நானும் 'இன்றைக்கே' என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்காக ஜெபிக்கிறவர்கள் தாராளமாக ஜெபியுங்கள். அடுத்த வாரம் வந்து "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள்.