ஆய்வுக் குழுவில் ஒருவர் மட்டும் வாய் திறப்பதில்லை: நெறியாளர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பதிவிட்டவர்: கரிம வேதியியல் ஆசிரியர்)

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி என் நிலையில் உள்ளவர் நான்கு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மட்டுமே நெறியாளராக இருக்கலாம். அந்த நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன. மூவர் பழையவர்கள். நான்காமவர் தமிழ் வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி; சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன.

சேர்ந்த இரண்டாம் மாதத்தில், சனிக்கிழமைக் குழுக் கூட்டத்தில் அவர் தடுமாறிய ஆங்கிலத்தில் தம் வேலையை விளக்கிக்கொண்டிருந்தபோது, மூத்த ஆய்வாளர் ஒருவர் சிரித்தபடி, "நீ என்ன ஸ்கோர் எடுத்து உள்ளே வந்தாய்?" என்று கேட்டார். மற்றவர்கள் புன்னகைத்தார்கள். நானும் அதைக் கேட்காதவன்போல அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அதன் பிறகு அந்தப் புதியவர் கூட்டத்தில் பேசுவதே இல்லை. கருவிப் பதிவேட்டில் அவருடைய பெயர் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறது. கடும் உழைப்பாளி என்று எண்ணி நான் மகிழ்ந்திருந்தேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போகும்வரை அவர் நூலகத்தில் காத்திருக்கிறார் என்பதைக் குழுவில் உள்ள பெண் ஆய்வாளர் சொல்லித்தான் சென்ற வாரம் அறிந்தேன்.

மூத்தவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டுமா, நடத்தை விதிகள் எழுதி ஒட்ட வேண்டுமா, அல்லது புதியவரிடமிருந்து புகார் வாங்கி மேலே அனுப்ப வேண்டுமா? எதைச் செய்தாலும் அவர் ஒரு காட்சிப்பொருளாகிவிடுவார் என்று அஞ்சுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்)

அவர் எந்தச் சமூகத்தவர் என்று நீங்கள் எழுதாமல் விட்டது நல்லது. "என்ன ஸ்கோர்" என்ற கேள்வி நம் வளாகங்களில் மதிப்பெண்ணை அறிவதற்காகக் கேட்கப்படுவதில்லை, எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்பதைச் சுற்றிவளைத்துக் கேட்பதற்காகவே கேட்கப்படுகிறது என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவதையும், சாதியைக் காரணமாகக் காட்டித் திறமையை இழிவுபடுத்துவதையும் மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகளே பாகுபாடு என்று பெயரிட்டுச் சொல்லியிருக்கின்றன. ஆகவே இதை வெறும் கேலியாக விட்டுவிட முடியாது.

ஆனால் முதலில் திருத்த வேண்டியது உங்கள் மௌனத்தை. மூத்தவரைத் தனியே அழைத்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். கூட்டத்தில் உங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள்: அன்று நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை, அது என் தவறு. புதியவரின் பெயரை அங்கே எடுக்க வேண்டாம். புகார் அளிப்பது அவருடைய உரிமை; அளிக்கும்படி தூண்டவும் கூடாது, வேண்டாம் என்று சமாதானப்படுத்தவும் கூடாது. சம வாய்ப்பு மையம் எங்கே இருக்கிறது, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார் என்பதை நால்வருக்கும் ஒரே நேரத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இரவு வேலையை இன்றே நிறுத்துங்கள். ஈதர், ஹெக்சேன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் திறந்திருக்கும் அறையில் ஒருவர் தன்னந்தனியாகச் சேர்மங்களைக் குழாயில் பிரித்துக்கொண்டிருப்பது, மரியாதைப் பிரச்சினை ஆவதற்கு முன்பே பாதுகாப்புப் பிரச்சினை. அந்தக் காரணத்தைச் சொன்னால் யாரையும் சுட்டிக்காட்டாமலே விதியைக் கொண்டுவரலாம்.

பதில் 2 (ஐந்தாம் ஆண்டு ஆய்வாளர்)

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். இரவு வேலையை நிறுத்தினால், பகல் நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் நெறியாளரே பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டாவேப்பர் கருவி ஒன்றுதான். காலை நேரம் எப்போதும் மூத்தவர்களுக்கே போகும். விடுதிக் கதவு மூடும் நேரத்துக்குக் கட்டுப்பட்ட பெண்களுக்கு இரவு நேரமும் கிடையாது. சுழற்சி முறையில் பெயர் எழுதும் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் இது மாறியது. மரியாதை பற்றி எங்களுக்கு நடத்தப்பட்ட இரண்டு கருத்தரங்குகள் செய்யாததை அந்தத் தாள் செய்தது.

இன்னொன்று, முறைப்பெயர்கள். நம் ஆய்வகங்களில் மூத்தவர்களை அண்ணா, அக்கா என்றுதான் அழைக்கிறோம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வருவதும் அந்த அண்ணன்தான். ஆனால் அவரே அவமதிக்கும்போது, வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்வதுபோல ஒரு கூச்சம் வந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. இதற்கு மேல் நெறியாளரின் கையொப்பம் வேறு: மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை (ஜேஆர்எஃப்) அவருடைய சான்றுக்குப் பிறகுதான் வரும் என்னும்போது, குறையைச் சொல்ல யார் துணிவார்கள்? கையெழுத்தை ஒரு நாளும் தாமதப்படுத்தாதீர்கள். உங்களிடம் பேசலாம் என்பதற்கு அவர்கள் கண்ணால் காணும் சான்று அதுதான்.

தேர்வாளர்கள் வரும்போது தேநீர் கொடுப்பது யார், கண்ணாடிக் கலன்களைக் கழுவுவது யார் என்பதையும் கவனியுங்கள். எங்கள் குழுவில் அது கேட்காமலே பெண்கள் தலையில் விழுந்தது. 2022ஆம் ஆண்டு விதிமுறை பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் ஆறு ஆண்டு உச்சவரம்புக்கு மேல் இரண்டு ஆண்டுத் தளர்வும் தருகிறது. ஆனாலும் "கல்யாணம் ஆனால் போய்விடுவாள்" என்ற கணிப்பில்தான் எனக்கு முதலில் தலைப்பு ஒதுக்கப்பட்டது.

பதில் 3 (இயற்பியல் ஆய்வாளர்)

எல்லாவற்றையும் இப்படி எடைபோட்டுப் பேசத் தொடங்கினால் குழுக் கூட்டம் துக்க வீடாகிவிடும். என் நெறியாளர் என் வரைபடங்களைக் கிழிக்காத குறையாக விமர்சித்ததால்தான் நான் ஏதோ கற்றுக்கொண்டேன். மென்மை என்ற பெயரில் தவறான தரவுகளும் தப்பித்துவிடக் கூடாது.

பதில் 4 (ஓய்வுபெற்ற பேராசிரியர்)

இயற்பியல் நண்பரே, உங்கள் நெறியாளர் கிழித்தது வரைபடத்தைத்தானே? "இந்த என்எம்ஆர் நிறமாலையில் 2.1இல் தெரிவது உன் சேர்மமா, கலன் கழுவிய அசிட்டோனா?" என்று கேட்டால் மாணவர் போய் மீண்டும் பார்ப்பார். "நீ எங்கே படித்தாய்?" என்று கேட்டால் அவர் போய்ப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. முதல் கேள்வியை எவ்வளவு கடுமையாகவும் கேளுங்கள். ஆனால் நால்வரிடமும் அதே கடுமையோடு கேளுங்கள். புதியவரிடம் எதுவுமே கேட்காமல் விடும் கருணையும் ஒருவகை ஒதுக்கலே.

கேள்வி கேட்டவர்

மூத்தவரிடம் பேசினேன். "அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை, சார்" என்று முதலில் மறுத்தார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். மன்னிப்புக் கேட்பாரா என்று தெரியாது, நானும் வற்புறுத்தவில்லை. கூட்டத்தில் என் தவறைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் நடுங்கியது. சுழற்சித் தாள் ஒட்டப்பட்டுவிட்டது. முதல் வாரத்திலேயே ஒருவர் மற்றவர் பெயரை அடித்துத் தம் பெயரை எழுதியதால், இப்போது அதை நானே எழுதுகிறேன். விளக்கத்தைத் தமிழில் சொல்லலாம், படங்களில் மட்டும் ஆங்கிலம் இருக்கட்டும் என்றும் நால்வருக்கும் அறிவித்தேன். முதலில் தமிழில் பேசியது அந்த மூத்தவர்தான். புதியவர் சென்ற சனிக்கிழமை எழுந்து, வினைவழிமுறையைக் கரும்பலகையில் வரைந்து, ஐந்து நிமிடம் பேசினார்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அடுத்த மாதம் மூத்தவருக்கு முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. வந்தவர்களுக்கெல்லாம் விருந்தும் தேர்வாளர்களுக்குப் பொன்னாடையும் ஆய்வாளர் செலவில் என்பது எங்கள் துறை வழக்கம். அவருக்கு அதைச் செய்ய வசதி உண்டு; அவர் செய்துவிட்டால் மற்ற மூவரும் செய்தாக வேண்டும். தேநீரோடு நிறுத்தி, அந்தச் செலவையும் நானே ஏற்கலாம் என்று நினைக்கிறேன். துறையில் வேறு யாராவது இதை முன்பு நிறுத்தியிருந்தால், மூத்த பேராசிரியர்களிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.