மூட்டைப்பூச்சி: மருந்து அடித்தும் பத்தாம் நாள் திரும்ப வருகிறது

மாடிவீடு:
சென்னையில் இரண்டு அறை வாடகை வீடு. தேக்குக் கட்டில், தலைமாட்டில் பிளைவுட் பலகை, தேங்காய்நார் மெத்தை. கடை ஸ்ப்ரே இரண்டு முறை அடித்தாயிற்று. நாலைந்து நாள் கடி இல்லை, பத்தாம் நாள் மறுபடி ஆரம்பம். மெத்தையை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினால் தீருமா? ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.

நாலுகால்:
மெத்தையை எறியாதீர்கள். பூச்சி மெத்தையின் ஓரத் தையலில் கொஞ்சம் இருக்கும். மீதி எல்லாம் கட்டிலில்தான். சட்டங்கள் கூடும் மூலை, ஸ்க்ரூ துளை, பிளைவுட் பலகையின் பின்பக்கம், கொசுவலையின் தையல் மடிப்பு. புது மெத்தை போட்டால் அன்றிரவே ஏறிவிடும்.

பத்தாம் நாள் கணக்குக்குக் காரணம் முட்டை. ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளை நிறம், மரத்தில் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். பெரும்பாலான ஸ்ப்ரே அதைக் கொல்லாது. நம் ஊர் வெப்பத்தில் 6 முதல் 10 நாளில் பொரிந்துவிடும். அதனால் எந்த முறையானாலும் ஒரே நாளில் முடிக்க முடியாது: முதல் நாள், 12ஆம் நாள், 25ஆம் நாள் என மூன்று தடவை செய்யுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் சூடுதான் நல்ல ஆயுதம். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் முட்டையும் சேர்ந்து சாகும். கட்டிலை முழுக்கக் கழற்றுங்கள், ஸ்க்ரூவைக்கூட விடாமல். நீராவி கிளீனர் இருந்தால் வாயை மரத்தில் ஒட்டி, ஒரு அடி நகர்த்தப் பத்து முதல் பதினைந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: வேகமாக ஓட்டினால் மேல்பரப்பு சூடாகி, இடுக்கு குளிர்ந்தே இருக்கும். காற்று வேகமாக வரும் முனையையும் மாட்டாதீர்கள், பூச்சி காற்றில் சிதறி வேறு மூலைக்குப் போகும். நீராவி இல்லையென்றால் தேக்குச் சட்டத்தை வெளியே வைத்துக் கொதிநீர் ஊற்றலாம்; கயிற்றுக் கட்டிலுக்கு நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான். பிளைவுட்டில் ஊற்றக் கூடாது, உரிந்துவிடும்.

போர்வை, தலையணை உறையை 60 டிகிரி நீரில் துவைத்து, தையல் ஓரமாக இஸ்திரி போடுங்கள். எடுத்துச் செல்லும்போது அறையிலேயே பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். துவைக்க முடியாத பொம்மை, செருப்பை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைக்கலாம்.

மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடுவது மட்டும் போதாது. மேலே சுட்டதும் பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துவிடும். தையலுக்கு நீராவி பிடித்துவிட்டு, நாலு பக்கமும் ஜிப் மூடும் உறை போட்டு, ஒரு வருடம் கழற்றாதீர்கள். உள்ளே மிஞ்சியது பட்டினியில் சாகும்.

வேப்பமரத்தடி:
ஸ்ப்ரே பற்றி இன்னொன்று. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகை. அதற்குப் பல ஊர் மூட்டைப்பூச்சிகள் பழகிவிட்டன. சாகாமல் சுவர் இடுக்குக்கும் அடுத்த அறைக்கும் ஓடுகின்றன. புகை மருந்தும் அப்படியே. எறும்பு, கரப்பானுக்கு வைக்கும் இரை மருந்து வீண், ஏனென்றால் இது ரத்தம் தவிர எதையும் தின்னாது. அந்துருண்டையாலும் பயன் இல்லை.

தயவுசெய்து நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சுவர் விரிசல் வழியே பக்கத்து வீட்டில் தூங்குகிறவரையும் கொல்லும். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் தெளிப்பது தீ விபத்துக்குத்தான் வழி.

மாடிவீடு:
நன்றி. ஆள் வைத்துச் செய்தால் என்ன கேட்க வேண்டும்? இப்போதைக்கு ஹாலில் படுத்துக்கொள்ளலாமா?

நாலுகால்:
ஹாலுக்குப் போகாதீர்கள். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடித்தான் அது வரும். இடம் மாறினால் இரண்டு அறையிலும் இருக்கும். அதே கட்டிலில் படுத்து, கட்டிலைத் தீவாக்குங்கள். சுவரிலிருந்து அரையடி தள்ளி, போர்வை தரையைத் தொடாமல், நாலு காலுக்கும் அகலக் கிண்ணத்தில் கருங்கல் துண்டு வைத்து அதன்மேல் காலை நிறுத்தி, சுற்றிலும் சோப்புத் தண்ணீர். கட்டில் காலுக்கடியில் வைக்க விற்கும் வெறும் பிளாஸ்டிக் பொறியை நம்பாதீர்கள். இங்குள்ள வெப்பமண்டல இனம் வழுவழுப்பான சுவரிலும் ஏறும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

ஆள் வைத்தால் மூன்று கேள்வி: எந்த மருந்து, இரண்டு வாரத்தில் இரண்டாம் முறை வருவார்களா, கட்டிலைக் கழற்றி அடிப்பார்களா. நின்றபடி சுற்றி அடித்துவிட்டுப் போகிறவர்கள் வேண்டாம். குழந்தையை எத்தனை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வேப்பமரத்தடி:
திரும்ப வராமல் இருக்க: ரயில், விடுதிப் பயணம் முடிந்து வந்த பெட்டியைக் கட்டிலடியில் வைக்காமல் பால்கனியில் திறந்து, துணியை நேரே வெந்நீருக்கு அனுப்புங்கள். பழைய சோபா வாங்கினால் அடித்துணியைக் கிழித்துப் பாருங்கள்; பேனாவால் குத்தியதுபோன்ற கரும்புள்ளி, பூச்சி உரித்த தோல் இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள், ஒயர் குழாய் வழியே வரும். கடைசிக் கடிக்குப் பிறகு எட்டு வாரம், வாரம் ஒருமுறை டார்ச் அடித்துக் கிண்ணத்தையும் பலகைப் பின்புறத்தையும் பாருங்கள்.