55 ஆண்டுச் சிறை: விதித்தவர் நீதிபதியா, அரசு வழக்குரைஞரா?

பொருநை:
அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளைஞருக்கு 2004-இல் ஃபெடரல் (மைய அரசு) நீதிமன்றம் 55 ஆண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதித்தது. காவல்துறையின் உளவாளிக்கு மூன்று முறை, தலா 350 டாலருக்குக் கஞ்சா விற்றிருந்தார். யாரையும் அவர் சுடவில்லை. விற்பனையின்போது துப்பாக்கி வைத்திருந்தார், பின்னர் வீட்டிலும் துப்பாக்கிகள் அகப்பட்டன, அவ்வளவே. போதைப்பொருள் குற்றத்தோடு துப்பாக்கியும் சேர்ந்தால் முதல் குற்றச்சாட்டுக்கு 5 ஆண்டு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு, அதுவும் ஒன்று முடிந்த பின்பே மற்றொன்று என்று அன்றைய சட்டம் சொன்னது. ஐந்தும் ஐம்பதும் ஐம்பத்தைந்து. கஞ்சா உள்ளிட்ட எஞ்சிய குற்றங்கள் அனைத்துக்குமாக நீதிபதி போட்டது அந்த ஒரே ஒரு நாள்தான். அதே நாளில், சில மணி நேரம் முன்பு, ஒரு மூதாட்டியைக் கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு அதே நீதிபதி பால் கேசல் விதித்தது சுமார் 22 ஆண்டு. தம் தீர்ப்பையே அநீதியானது, கொடியது என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட்ட நீதிபதியை என்னவென்று சொல்வது?

தராசுமுள்:
சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நீதிபதி என்று சொல்லலாம். ஒரு வழக்கின் கண்ணீரை வைத்துச் சட்டம் முழுவதையும் எடைபோடக் கூடாது, பொருநை ஐயா. 1984-க்கு முன்பு ஃபெடரல் நீதிபதிக்குத் தண்டனையில் ஏறக்குறைய வரம்பற்ற அதிகாரம் இருந்தது. ஒரே வகைக் கொள்ளைக்கு ஒரு நீதிபதி 3 ஆண்டும் பக்கத்து அறை நீதிபதி 15 ஆண்டும் விதித்தாலும் கேட்பாரில்லை. இந்தக் குளறுபடியை ஒழிக்கத் தண்டனைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னின்றவர்களில் தாராளவாதியான செனட்டர் எட்வர்ட் கென்னடியும் ஒருவர். மக்கள் தேர்ந்தெடுத்த காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு குற்றத்துக்கு இவ்வளவாவது வேண்டும் என்று வரையறுப்பதில் என்ன பிழை?

புதியவன்:
ஓர் ஐயம். நன்னடத்தையோடு இருந்தால் பாதியிலேயே பரோலில் வர வழி இல்லையா?

தராசுமுள்:
இல்லை. 1987 நவம்பர் 1-க்குப் பின் செய்த ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் கழிவு உண்டு.

பொருநை:
நண்பர் தராசுமுள் இரண்டு வேறு பொருள்களை ஒரே தட்டில் வைக்கிறார். 1984 சட்டத்தின் வழியே பிறந்தது வழிகாட்டு அட்டவணை: குற்றத்தின் கடுமைக்கு 43 நிலைகள், பழைய குற்றங்களுக்கு 6 பிரிவுகள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக்கணக்கு. புக்கர் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை வெறும் ஆலோசனையாக்கிவிட்டது. காங்கிரஸ் தனிச் சட்டங்களில் எழுதிவைத்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையோ அப்படியே நிற்கிறது. நான் சாடுவது அதைத்தான். அது தண்டனை அதிகாரத்தை ஒழிக்கவில்லை, நீதிபதியின் மேசையிலிருந்து அரசு வழக்குரைஞரின் மேசைக்கு நகர்த்தியது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு என்று ஏஞ்சலோஸிடம் பேரம் பேசினார்கள். அவர் மறுத்ததும் புதிய குற்றப்பத்திரிகை வந்தது, அதில் துப்பாக்கிக் குற்றச்சாட்டுகளும் பெருகின. விசாரணை கேட்டதற்கான விலை 40 ஆண்டு. அந்த விலையை நிர்ணயித்தவர் கறுப்பு அங்கி அணிந்தவரல்லர்.

தராசுமுள்:
பேரம் இல்லாமல் எந்தக் கூட்டுச்சதியை உடைக்க முடியும்? நீண்ட சிறை எதிரே நிற்பதால்தான் கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் பெயரைச் சொல்கிறான். கட்டாயத் தண்டனைக்கும் விலக்கு இல்லாமல் இல்லை: பழைய குற்றம் அதிகமில்லாத, வன்முறையில் இறங்காத போதைப்பொருள் குற்றவாளிக்கு 1994 முதலே தனி விலக்கு உண்டு.

பொருநை:
துப்பாக்கி இருந்தால் அந்த விலக்கு எட்டாது. பெயர் சொல்லும் வழியையாவது பாருங்கள். அரசுத் தரப்பு மனுச் செய்தாலொழிய, எவ்வளவு ஒத்துழைத்திருந்தாலும் அதற்காக நீதிபதி குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க முடியாது. மேலும், சொல்லப் பெயர்கள் உள்ளவன் தலைவன். பொட்டலம் சுமந்த பையனுக்கு யாரைத் தெரியும்? பெரிய மீன் வலையைக் கிழித்துக்கொண்டு போகிறது, அயிரைதான் சட்டியில் வேகிறது.

தராசுமுள்:
உவமை நன்று. ஆனால் சட்டம் தன்னைத் திருத்திக்கொள்வதையும் சொல்லுங்கள். 1986-இல் 5 கிராம் கிராக்குக்கும் (புகைக்கும் கொக்கெய்ன் கட்டி) 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கும் ஒரே 5 ஆண்டுக் குறைந்தபட்சம் என்றிருந்தது. அதன் சுமை பெரும்பாலும் கறுப்பின மக்கள்மீது விழுந்தது. நூறுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் 2010-இல் 18-க்கு ஒன்றானது. முந்தைய தண்டனை உறுதியான பிறகு செய்த துப்பாக்கிக் குற்றத்துக்கே 25 ஆண்டு என்று 2018-இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் மாற்றியது. இன்றாக இருந்தால் ஏஞ்சலோஸுக்கு இந்தக் கணக்கே வராது.

பொருநை:
அந்த 2018 திருத்தம், முன்பே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களுக்கு முன்தேதியிட்டுப் பொருந்தவில்லை. ஏஞ்சலோஸ் அதற்கு முன்பே, 2016-இல் வெளிவந்தார். எப்படி? அரசு வழக்குரைஞர் தரப்பே குறைப்புக்கு இசைந்ததால். பூட்டியவர் கையிலேயே சாவியும் இருந்தது. தண்டனை விதித்த நாளிலேயே குடியரசுத் தலைவர் அதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்த நீதிபதியால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தராசுமுள்:
இந்த ஓரிடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்காகக் குறைந்தபட்சத்தையே எடுத்துவிட ஒப்பமாட்டேன். ஒப்புதலை மறுத்த பிறகு குற்றச்சாட்டுகளைக் கூட்டினால், அதற்கான காரணத்தை அரசுத் தரப்பு நீதிபதி முன் எழுத்தில் வைக்க வேண்டும் என்ற விதி போதும்.

பொருநை:
காரணம் எழுதத் தெரியாத வழக்குரைஞரை நான் இதுவரை கண்டதில்லை.