உப்பளத்தில் ஓடிய டிராக்டர், வாங்கலாமா?

வணக்கம் அண்ணன்மாரே. சாயல்குடி பக்கம் மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறோம். புரட்டாசி உழவுக்கு முன்னால் பழைய டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். 2014 மாடல், 45 எச்பி, கூடவே ஒன்பது கொத்துக் கலப்பை. விலை குறைவு. காரணமும் தெரியும்: இத்தனை வருஷம் வாலிநோக்கம் பக்கம் உப்பு லோடு அடித்த வண்டி.

இன்ஜின் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்தது, புகையும் இல்லை. இன்ஜின் ஆயிலில் பால் நிறம் இல்லை, அதாவது தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. ஆனால் மட்காட்டுக்கு அடியில், பேட்டரிப் பெட்டியில், வீல் போல்ட்டுகளில் துரு பொரிந்து நிற்கிறது. புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். (விற்கும்போது பெயிண்ட் அடிப்பவர்களை எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.) ரேடியேட்டரில் போர் தண்ணீரையே ஊற்றியிருப்பார்கள் போல, மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதைக் கழுவினால் போதுமா, ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா? பிரேக், முன் ஆக்சில், ஹைட்ராலிக் லிஃப்ட், வயரிங் இவற்றில் உப்பு எதை முதலில் தின்னும்? கலப்பையை மாட்டித் தூக்கி, இன்ஜினை நிறுத்தினால் மெல்ல இறங்குகிறது. சித்தப்பா அது சாதாரணம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆர்சி புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் இன்னும் இருக்கிறது. கடன் முடிந்தது என்கிறார்கள். பைனான்ஸ்காரர் தரும் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து அவர்கள் பெயரை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் கொடுப்பதாக இல்லை.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். முதுகுளத்தூர், ராமநாதபுரம் பக்கம் நேரில் வந்து பார்த்துச் சொல்லும் நல்ல மெக்கானிக் இருந்தாலும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். கூலி கொடுத்துவிடுகிறேன்.