கருப்புத் திரையை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

கேள்வி (உத்தமபாளையம்):

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். இப்போது கொச்சியிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, வீட்டிலிருந்துதான் வேலை. எனக்குச் சொல்லித்தருபவர் மவுஸைத் தொடுவதே இல்லை. கோப்பை நகர்த்த, சர்வருக்குள் போக, எல்லாவற்றுக்கும் கருப்புத் திரையில் கட்டளை அடிக்கிறார். பொத்தான்கள் இருக்கும்போது இத்தனையையும் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? வெறும் பழக்கமா?

பதில் (குமுளி):

பழக்கம் மட்டுமல்ல, தங்கச்சி. 2018 ஆகஸ்டில், இடுக்கி அணைக்காகச் செறுதோணி மதகை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த அந்த நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. லேப்டாப்பில் பாதி சார்ஜ். கைப்பேசி சிக்னல் கேரளக் கோபுரத்துக்கும் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. அந்த இரவில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் இடம் நிரம்பிவிட்டது. திரையைப் படமாகக் காட்டும் மென்பொருள் திறக்கவே இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் கட்டளை அடித்து வேலை செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தேன். அதில் போவதும் வருவதும் எழுத்து மட்டுமே என்பதால் அந்தச் சிக்னலே போதுமாக இருந்தது. எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன்: 100 சதவீதம். எந்த ஃபோல்டர் வீங்கியிருக்கிறது என்று டியூ கட்டளை காட்டியது. சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பழைய லாக் கோப்புகளை நீக்கினேன். நடுவே மூன்று முறை இணைப்பு அறுந்தது. இணைப்பு போனாலும் வேலையைச் சர்வரில் அப்படியே வைத்திருக்கும் டிமக்ஸ் ஓடிக்கொண்டிருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன்.

இன்னொன்று, நீங்கள் கண்ணால் பார்த்தது. ஏலக்காயைச் சல்லடையில் போட்டால் 8 மில்லிமீட்டர் காய் மேலே நிற்கும், சிறியது கீழே விழும், விழுந்ததை அடுத்த சல்லடை பிரிக்கும். கட்டளைகளும் அப்படித்தான். கிரெப் வேண்டிய வரிகளைப் பொறுக்கும், சார்ட் வரிசைப்படுத்தும், யூனிக் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும், கேட்டால் எண்ணியும் கொடுக்கும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டுவது பைப் என்ற நெட்டுக்கோடு. கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி வந்த யோசனை அது. 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் சேர்த்தார். யாரும் முன்கூட்டி யோசிக்காத வேலைக்குப் பொத்தான் இருக்காது. சல்லடைகளை நாமே அடுக்கிக்கொள்ளலாம்.

பதில் (போடி):

குமுளி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் ஒரு எச்சரிக்கை. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தது அழிந்ததுதான். அதில் பல கோப்புகளை ஒரேயடியாகப் பிடிக்கும் நட்சத்திரக்குறி போடுமுன், அதே குறியுடன் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்து, எவையெல்லாம் சிக்குகின்றன என்று பாருங்கள். இரண்டு நிரல் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு இன்றும் வரைகலை மென்பொருள்தான் வசதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. செய்த வேலை எழுத்தாக மிஞ்சுகிறது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினேன் என்று ஒருவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும். கட்டளையை அப்படியே அனுப்பிவிடலாம். கோப்பில் எழுதி வைத்தால் அடுத்த மாதமும் அதுவே ஓடும்.

கேள்வி கேட்டவர்:

சல்லடை என்றதும் பிடிபட்டுவிட்டது. பழைய விற்பனைக் கோப்பில் வியாபாரி பெயர் உள்ள நெடுவரிசையை மட்டும் கட் கட்டளையால் எடுத்து, சார்ட், யூனிக் இரண்டையும் கோத்தேன். யார் எத்தனை முறை வாங்கினார் என்று வந்துவிட்டது. முன்பு இதற்கு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதலில் சார்ட் போடாமல் ஓட்டியபோது ஒரே பெயர் பல முறை வந்தது. அடுத்தடுத்து இருக்கும் வரிகளை மட்டும்தான் யூனிக் சேர்க்கும் போலிருக்கிறது, சரிதானே அண்ணா?